கேஜுக்கு ஒரு கேஜ்: காலிபரேஷன் பட்டியல் உருவான வரலாறு

ஓர் அளவுக் கருவியை அதைவிடத் துல்லியமான இன்னொன்றோடு ஒப்பிட்டு, எவ்வளவு பிசகுகிறது என்று கண்டு எழுதிவைப்பதே காலிபரேஷன். ஒப்பிடும் பழக்கம் மிகப் பழையது. பட்டறையில் இருக்கும் கருவிகளில் எவற்றுக்கு அது வேண்டும், எவற்றுக்கு வேண்டாம் என்று பட்டியல் போடுவதுதான் புதியது. அந்தப் பட்டியலின் வேர் துப்பாக்கித் தொழிலில் இருக்கிறது.

அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச்சாலையில் 1820-களில் ஜான் ஹால், ஒரு துப்பாக்கியின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றில் அப்படியே மாட்ட முடிய வேண்டும் என்று பாடுபட்டார். அவர் துப்பாக்கிக்கு 63 கேஜ்கள் தேவைப்பட்டன. கேஜ் எத்தனை அங்குலம் என்று சொல்லாது. உறுப்பு பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் காட்டும். இரும்பு இரும்போடு உரசினால் கேஜும் தேயும். தேய்ந்த கேஜ் பிழையான உறுப்பைச் சரி என்று அனுப்பிவிடும். ஹால் கண்ட வழி எளிமையானது: தொழிலாளிக்கு ஒரு செட், பரிசோதகருக்கு ஒரு செட், இவற்றுக்கு மேலே ஒரு மூல செட். மூல செட் உற்பத்திக்கு வராது. மற்ற இரண்டும் தேய்ந்துவிட்டனவா என்று பார்க்க மட்டுமே அது பயன்பட்டது. இன்றைய காலிபரேஷன் ஏணியின் படிகள் அப்போதே அமைந்துவிட்டன என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் அந்த ஏணி ஒரே கூரைக்குள் நின்றது. அடுத்த ஊர்த் தொழிற்சாலையின் மூல செட் வேறாக இருக்கலாம். இந்தச் சுவரை உடைத்தவர் சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன். 1896-இல் ஜெர்மனியின் மௌசர் துப்பாக்கி ஆலைக்குப் போய்வந்த அவர், ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிக் கேஜ் செய்து குவிப்பதற்குப் பதிலாக, அடுக்கிச் சேர்த்தால் எந்த அளவும் கிடைக்கும் எஃகுக் கட்டைகளை யோசித்தார். 102 கட்டைகளைக் கொண்டு 1 மில்லிமீட்டரிலிருந்து 201 மில்லிமீட்டர் வரை, 0.01 மில்லிமீட்டர் இடைவெளியில் 20,000 அளவுகளை உண்டாக்க முடிந்தது. நம் பட்டறைகளில் ஸ்லிப் கேஜ் என்று அழைக்கப்படுபவை இவையே. ஒன்றன்மேல் ஒன்றை வைத்து வழுக்கித் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அவற்றின் முகம் மழமழப்பானது. மூல அளவு இப்போது ஒரு பெட்டியில் ஊர்விட்டு ஊர் பயணம் செய்தது. யோஹான்சன் 1923-இல் ஃபோர்டு நிறுவனத்தில் சேர்ந்தார். எஃகு சூட்டில் நீளும் என்பதால், நீளத்தை 20 டிகிரி செல்சியஸில் குறிப்பிடுவது 1931-இல் சர்வதேச உடன்பாடாயிற்று.

எந்தக் கருவியைச் சரிபார்ப்பது என்ற கேள்வி ஒப்பந்த விதியாக மாறியது பனிப்போர்க் காலத்தில். 1959-இல் அமெரிக்க ராணுவம் எம்ஐஎல்-கியூ-9858 என்ற தர விதியை வெளியிட்டது. ராணுவத்துக்குப் பொருள் தந்த நிறுவனம், தன் கருவிகளுக்கும் தேசிய மூல அளவுக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டியதாயிற்று. 1963-இல் திருத்தப்பட்ட விதியில் கூர்மையான ஒரு வரி உண்டு: ஜிக், ஃபிக்ஸ்சர் போன்ற உற்பத்திச் சாதனங்களைப் பரிசோதனைக்கும் பயன்படுத்தினால், அவற்றின் துல்லியத்தையும் முன்கூட்டியே நிரூபிக்க வேண்டும். பெயரைப் பார்த்து முடிவு செய்யாதே, வேலையைப் பார் என்பதே அதன் உட்பொருள்.

பிரிட்டனின் பிஎஸ் 5750 (1979) தர விதி வழியாக இந்தச் சிந்தனை 1987-இல் ஐஎஸ்ஓ 9001 என்ற சர்வதேசத் தர விதிக்குள் நுழைந்தது. 1994-ஆம் ஆண்டுப் பதிப்பு, தரத்தைப் பாதிக்கக்கூடிய எல்லா அளவுக் கருவிகளையும் அடையாளம் காணச் சொன்னது. வலை அகலமாக விழுந்தது. எதைத்தான் ‘பாதிக்காது’ என்று துணிந்து சொல்வது? ஆடிட்டருக்குப் பயந்து, மரச்சட்டம் அளக்கும் டேப்புக்கும் காலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டிவிடும் மனப்பாங்குக்கு இந்த வாசகம் இடம் கொடுத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் மூன்று பெரிய கார் நிறுவனங்கள் கொண்டுவந்த கியூஎஸ்-9000 தர விதி, தொழிலாளி சொந்தக் காசில் வாங்கிய மைக்ரோமீட்டருக்கும் காலிபரேஷன் பதிவு கேட்டது.

ஐஎஸ்ஓ 9001-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, சரியான முடிவு கிடைக்க எங்கே அவசியமோ அங்கே என்று எல்லை போட்டது. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு, வாடிக்கையாளரோ சட்டமோ கேட்காத இடத்தில் முடிவை நிறுவனத்திடமே விட்டது. நடைமுறையில் இதன் பொருள்: கம்பியைத் தோராயமாக வெட்ட உதவும் டேப்புக்குக் காலிபரேஷன் வேண்டாம், ஏனெனில் அந்தத் துண்டு பிறகு லேத்தில் கடையப்பட்டு மைக்ரோமீட்டரால் அளக்கப்படும். அந்த மைக்ரோமீட்டருக்கு வேண்டும். வெப்பப் பதனிடும் உலையின் வெப்பமானிக்கும் வேண்டும். ஏனெனில் உலைக்குள் நடந்த பிழையை ஒவ்வொரு துண்டிலும் பிறகு பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பட்டியலை நீட்டிக்கொண்டே போவதில் செலவு மட்டுமல்ல, வேறொரு சிக்கலும் உண்டு. பட்டியலில் உள்ள கருவி பிசகியது தெரிந்தால், அதைக் கொண்டு முன்பு அளந்த முடிவுகள் செல்லுமா என்று ஆராய வேண்டும் என்பது எல்லாப் பதிப்புகளிலும் இருக்கும் நிபந்தனை. ஏற்கெனவே வண்டியேறிப்போன சரக்கும் அதில் சேரும். பட்டியலுக்கு வெளியே நிற்கும் கருவியில் ‘காலிபரேஷன் தேவையில்லை’ என்று ஒட்டும் வழக்கம் இதன் மறுபக்கம். அந்த ஸ்டிக்கர் செல்ல ஒரே நிபந்தனை, அந்தக் கருவியைக் கொண்டு எந்தச் சரக்கையும் ‘பாஸ்’ செய்யக் கூடாது.