சுராங்கனியும் ஒரு சரித்திர வகுப்பும்



நேற்று நம் குரூப்பில் ஒருவன் கேட்டிருந்தான்: "சார், படத்துல வராம தனிப் பாட்டா வந்து உலகம் பூரா ஹிட்டானது கொலவெறிதானே?" இல்லை தம்பி. 2011 நவம்பரில் தனியாக வெளிவந்தாலும் அது '3' படத்துப் பாட்டுதான். உன் அப்பா டவுசர் போட்ட காலத்திலேயே, படம் ஏதும் இல்லாமல் ஒரு பாட்டு கடல் தாண்டி ஆழ்வார்திருநகரிக்கு வந்து சேர்ந்தது. 'சுராங்கனி'.

பாடியவர் யாழ்ப்பாணத்து ஏ.ஈ.மனோகரன். நமக்கு சிலோன் மனோகர், இலங்கையில் 'பொப் இசைச் சக்கரவர்த்தி'. அவருக்குச் சற்று முன்பே, அறுபதுகளின் கடைசியில், நித்தி கனகரத்தினம் கையில் கிதாரோடு 'சின்ன மாமியே' பாடி வழி திறந்திருந்தார். இங்கே பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு. அங்கே தமிழ்ப் பட உலகம் ரொம்பச் சிறியது. மேடையும் வானொலியும்தான் பாடகனைத் தூக்கிவிட்டன.

வானொலி என்றால் சாதாரண வானொலியா! 1952-ல் கேஸ்கர் மந்திரியாக வந்ததும் நம் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கினார்கள். 1950-லேயே வர்த்தக சேவை தொடங்கியிருந்த கொழும்பு பக்கம் இந்தியாவே காதைத் திருப்பியது. அப்புறம் இங்கே விவித பாரதி வந்தும் பழக்கம் விடவில்லை. கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும்.

எங்கள் வீட்டு ரேடியோ சித்தப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர். கடையை விட்டுவிட்டு, அந்த ரேடியோவும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக ஊர் திரும்பினார். சுராங்கனி வரும்போதெல்லாம் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்து ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அதில் வரும் சிங்களம் எங்களுக்கு விளங்காது. ஒருநாள் ஆச்சி, "அது என்னல மாலு, மாலுன்னு பாடுதான்?" என்று கேட்டாள். சித்தப்பா யோசிக்காமல், "மீனும்மா. அந்தப் புள்ளைக்கு மீன் கொண்டாந்திருக்கானாம்" என்றார். சைவ வீடு, கோயில் பக்கத்துத் தெரு. ரேடியோவுக்கு ஒரு வாரம் விடுமுறை!

1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இந்தப் பாட்டைக் கொண்டுவந்தார். மலேசியா வாசுதேவன் குரல். அதன்பின் நம் பக்கம் சுராங்கனி இல்லாத கல்யாண வீட்டு மைக் செட் கிடையாது. இந்திக்கும் போனது.

சரி, காசு? அந்தக் கால கேசட் கடை ஞாபகம் இருக்கிறதா? வெற்று கேசட்டும் பாட்டு லிஸ்ட்டும் கொடுத்தால் மறுநாள் பதிந்து தருவார்கள். நாம் கொடுத்த பணம் கடைக்காரரோடு சரி, பாடியவருக்குப் போகாது. நானும் அப்படித்தான் பதிந்து வாங்கினேன். மேடைக் கச்சேரி, சினிமா வேஷம், பிற்பாடு டிவி தொடர் என்று உழைத்துத்தான் மனோகரன் வாழ்ந்தார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். இப்போது மட்டும் என்ன? 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். மூன்று வருஷம் கழித்து, அதில் தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வீடியோவில் சொன்னார்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

நான் வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம். எட்டாம் வகுப்பு, போர்த்துகீசியர் பாடம். முத்துக்குளித்துறை, 1530-களில் பரதவர்கள் மதம் மாறியது, 1542-ல் சவேரியார் வந்தது என்று மூச்சுவிடாமல் நடத்திக்கொண்டிருக்கிறேன். கடைசி பெஞ்சில் புன்னைக்காயல் பையன் ஒருவன் சுராங்கனி தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். "பாடம் நடக்கும்போது கூத்தா?" என்று வெளியே நிற்க வைத்தேன். அந்தப் பீரியட் முழுக்க வெயிலில் நின்றான்.

பல வருஷம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தாளத்துக்குப் பெயர் பைலா. போர்த்துகீசிய மொழியில் 'பைலார்' என்றால் ஆடுவது. போர்த்துகீசியர் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் ஆட்டமும் கொட்டும் அதில் கலந்தன. அந்த வம்சத்தார் புத்தளம் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். வாலி பாஸ்டியன்ஸ் என்ற பறங்கிப் போலீஸ்காரர் அதை மேடையேற்றிப் பிரபலமாக்கினார். பிற்பாடு அது தமிழ் பொப் பாட்டுக்குள் வந்தது.

முத்துக்காகப் போர்த்துகீசியர் வந்தது மன்னாருக்கும் நம் கரைக்கும் சேர்த்துத்தான். 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே வருஷத்தில் பிடித்தார்கள். போனவர்கள் இந்தக் கரையில் பர்னாந்து என்ற பெயரையும் மேசை, ஜன்னல், சாவி என்ற சொற்களையும் விட்டுப்போனார்கள். அந்தக் கரையில் கூடவே ஒரு தாளத்தையும் விட்டுப்போனார்கள். நம் ஊரைத் தொட்டு ஓடும் தாமிரபரணி கடலில் சேருகிற புன்னைக்காயல், அந்நாளில் அவர்களுக்கு முக்கியமான இடம். அங்கிருந்து வந்த பையன் நான் நடத்திய பாடத்தைத்தான் பெஞ்சில் தட்டியிருக்கிறான். நான் அவனை வெளியே அனுப்பினேன்.

அவன் கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இந்தக் குரூப்பில்தான் இருக்கிறான். பெயர் போட மாட்டேன். ஏல, தப்பு என்மேலதான். அந்தத் தாளத்தை ஒரு தடவை தட்டி, வாய்ஸ் மெசேஜில் போடு. முழுசாகக் கேட்கிறேன்.