தண்டனைக்கு முன் தடுப்பு: சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவும் (1855) காவல் வன்முறைத் தடுப்பின் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

மனித உரிமை மீறல் நிகழ்ந்தபின் குற்றவாளியைத் தண்டிப்பது ஒரு வழி. அது நிகழ்வதற்கான வாய்ப்பையும் தூண்டுதலையும் முன்கூட்டியே அகற்றுவது மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழி இருபதாம் நூற்றாண்டின் பன்னாட்டு உடன்படிக்கைகளோடு தோன்றியதாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே சென்னை மாகாணத்தில் அக்கேள்வி எழுந்ததையும், அங்கிருந்து தொடங்கி இந்தியச் சட்டத்தில் உருவான தடுப்பு முறைகளையும், அவற்றில் எஞ்சிய இடைவெளிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சித்திரவதை, சென்னை மாகாணம், ஒப்புதல் வாக்குமூலம், சாட்சியச் சட்டம், காவல் நிலையம், தடுப்பு.

முன்னுரை

காவலில் நிகழும் வன்முறை குறித்த விவாதங்கள் பெரும்பாலும் ஒரு மரணத்திற்குப் பின்னரே தொடங்குகின்றன. வழக்குப் பதிவு, பணியிடை நீக்கம், இழப்பீடு, தண்டனை ஆகியன வேண்டப்படுகின்றன. இவை நீதிக்குத் தேவையானவை. எனினும் இவை யாவும் மீறல் நடந்து முடிந்த பின்னரே செயற்படத் தொடங்குபவை. மீறல் நிகழாதிருக்கச் சட்டம் என்ன செய்ய இயலும் என்பது வேறொரு கேள்வி. அதிகாரம் ஒருவர் கையில் குவிவதைத் தடுத்தல், வன்முறையால் கிடைக்கும் பயனை இல்லாமற் செய்தல், மூடிய அறைக்குள் வெளியாரின் பார்வையைச் செலுத்துதல் என மூன்று விடைகள் இக்கேள்விக்கு வரலாற்றில் கிடைத்துள்ளன. முதலிரண்டு விடைகளின் வரலாற்றில் சென்னை மாகாணத்திற்குத் தனியிடம் உண்டு.

விசாரணைக் குழு உருவான சூழல்

1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் சென்னை மாகாணத்தில் காவல் பொறுப்பைத் தாரோகாக்களிடமிருந்து நீக்கி, கிராமத் தலைவர், தாசில்தார், கலெக்டர் என்னும் வருவாய் நிர்வாக அடுக்கிடம் ஒப்படைத்தன. உள்ளூர் மரபுக்கு ஏற்றது, செலவு குறைந்தது என்று கருதப்பட்ட இவ்வேற்பாட்டின் விளைவு ஆழமானது. நிலவரியை வசூலிப்பவரும், திருட்டைத் துப்பறிபவரும், அவர்மீதான புகாரைப் பெறுபவரும் நடைமுறையில் ஒருவரே ஆயினர். ரயத்துவாரி முறையில் ஒவ்வோர் உழவரும் அரசுக்கு நேரடியாக வரி செலுத்த வேண்டியிருந்ததால், தாசில்தாரின் சேவகர்களுக்கும் உழவருக்கும் இடையே வேறெவரும் இல்லை.

1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை உள்நாட்டினர் சங்கம், மாகாணத்தின் குறைகளை விளக்கிப் பிரித்தானிய நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பம் அனுப்பியது. வரி வசூலில் நடைபெறும் கொடுமைகளும் அக்குறைகளுள் அடங்கும். நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் சென்னைக்கு வந்து மாவட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். 1854 ஜூலையில் மக்களவையில் இச்செய்தி விவாதிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழு சென்னையில் அமைக்கப்பட்டது. இவர்களுள் நார்ட்டன் வழக்கறிஞர். கம்பெனி ஆட்சியை வெளிப்படையாக விமர்சித்தவர்.

குழு கண்டறிந்தவை

1855 ஏப்ரலில் குழு தன் அறிக்கையை அளித்தது. 519 பேர் நேரில் வந்தும் 1,440 பேர் கடிதம் வழியாகவும் என மொத்தம் 1,959 பேர் முறையிட்டிருந்தனர். வரி வசூலுக்காகவும் குற்ற ஒப்புதலைப் பெறவும் சித்திரவதை வழக்கமாகக் கையாளப்பட்டது என்பதைக் குழு உறுதிப்படுத்தியது. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணந்தாள் போன்ற முறைகள் அறிக்கையில் இடம்பெற்றன. இவற்றின் பெயர்கள் மக்கள் வழக்கிலிருந்தே ஆங்கில ஆவணத்திற்குள் சென்றன என்பது இக்கொடுமைகள் அன்றாட வாழ்வில் எத்துணைப் பழகிப்போயிருந்தன என்பதைக் காட்டுகிறது.

தடுப்பு என்னும் நோக்கில் அறிக்கையின் மிக முக்கியமான பகுதி வேறொன்று. சித்திரவதை உண்டு என்பதைவிட, பாதிக்கப்பட்டோர் பரிகாரம் பெறுவதில் உள்ள இடர்ப்பாடே தங்களை மிகுதியும் வருத்தியதாகக் குழுவினர் குறிப்பிட்டனர். கலெக்டரிடம் செல்வதற்கான நெடுவழியும் செலவும் ஒருபுறம். எழுத்து வழியாக முறையிட்டாலோ, அம்மனு விசாரணைக்காக அதே தாசில்தாரிடம் திருப்பி அனுப்பப்படும் என்னும் அச்சம் மறுபுறம். சட்டம் வகுத்திருந்த தண்டனையும் போதுமானதாக இல்லை. பின்னர் வரும் தண்டனையை மட்டும் நம்பியிருக்கும் அமைப்பு ஏன் தோற்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் தேவையில்லை.

அறிக்கையின் குறையும் இங்குச் சுட்டத்தக்கது. ஐரோப்பிய அதிகாரிகள் கொடுமைக்கு உடந்தையாக இல்லை என்று குழு அவர்களை விடுவித்தது. பழி உள்நாட்டுக் கீழ்நிலை ஊழியர்மீது விழுந்தது. விளைச்சலுக்கு மீறிய வரியைக் குறித்த நாளில் வசூலித்தாக வேண்டும் என்ற நெருக்குதல் மேலிருந்தே வந்தது. அந்நெருக்குதலைக் குற்றத்தின் பகுதியாகக் குழு கொள்ளவில்லை.

அதிகாரப் பிரிப்பு

குழுவின் முதன்மைப் பரிந்துரை வருவாய்ப் பணியையும் காவல் பணியையும் பிரித்தல் என்பதாகும். 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்தில் தனிக் காவல் துறையை நிறுவியது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவரானார். 1861ஆம் ஆண்டின் 5ஆம் சட்டமான இந்தியக் காவல் சட்டத்திற்குச் சென்னையின் பட்டறிவும் துணை நின்றது. 1857 எழுச்சிக்குப் பின் ஆட்சியாளருக்கு ஏற்பட்ட பாதுகாப்புக் கவலையும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. ஆகவே சித்திரவதை அறிக்கை ஒன்றே காரணம் எனல் பொருந்தாது.

வரி வசூலும் காவல் பணியும் தனித்தனிக் கைகளுக்கு மாறின. ஆனால் குற்ற ஒப்புதலுக்காக நிகழும் வன்முறையை இப்பிரிப்பால் தீர்க்க இயலவில்லை. அதற்கான வாய்ப்பு புதிய துறையிடம் அப்படியே தங்கியது.

ஒப்புதலின் மதிப்பை நீக்குதல்

இவ்விடத்தில்தான் சட்டம் தண்டனையிலிருந்து தடுப்பிற்கு நகர்ந்தது. 1861ஆம் ஆண்டின் 25ஆம் சட்டமான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 148, 149 ஆகிய பிரிவுகள், காவல் அலுவலரிடம் அளித்த ஒப்புதலும், நடுவரின் நேரடி முன்னிலையிலன்றிக் காவலில் இருக்கையில் அளித்த ஒப்புதலும் சாட்சியமாகா என்று விதித்தன. 1872இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இவை 25, 26ஆம் பிரிவுகளாயின.

இவ்விதியின் தனித்தன்மை அதன் அணுகுமுறையில் உள்ளது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 330ஆம் பிரிவில், ஒப்புதலையோ பணத்தையோ பெறுவதற்காகக் காயம் விளைவிப்பதைக் குற்றமாக்கியது. ஒப்புதலுக்காக வதைக்கும் காவல் அலுவலரும், வரி நிலுவைக்காக வதைக்கும் வருவாய் அலுவலரும் அப்பிரிவின் எடுத்துக்காட்டுகளிலேயே இடம்பெற்றனர். அது தண்டனையின் வழி. அதன்படி, அடிபட்டவர் தாம் அடிக்கப்பட்டதை மெய்ப்பிக்க வேண்டும். சாட்சிகளோ காவல் நிலையத்திற்குள் இருப்போர் மட்டுமே. சாட்சிய விதி அச்சுமையை அவர்மீது ஏற்றவில்லை. அடித்தாரா இல்லையா என்ற கேள்விக்கே இடமின்றி, காவலரிடம் தந்த ஒப்புதல் நீதிமன்றத்தில் பயன்படாது என்றது. பயனற்ற ஒன்றிற்காக வன்முறையில் இறங்குவோர் குறைவர் என்பதே இதன் அடிப்படை.

விதிவிலக்கின் வழியே

அதே சட்டம் ஒரு வாயிலைத் திறந்தும் வைத்தது. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் 150ஆம் பிரிவும் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவும், காவலில் உள்ளவர் தரும் தகவலால் ஓர் உண்மை கண்டுபிடிக்கப்பட்டால், அதனோடு தெளிவாகத் தொடர்புடைய பகுதியைச் சாட்சியமாக்கலாம் என்றன. பொருள் கிடைத்தால் தகவல் மெய்யென்று கொள்ளலாம் என்பது இதன் தருக்கம். ஆயின் வாக்குமூலம் மெய்யா பொய்யா என்பது சாட்சியத்தின் கவலை. அது எவ்வாறு பெறப்பட்டது என்பது மனித உரிமையின் கவலை. முன்னதைத் தீர்க்கும் விதிவிலக்கு பின்னதைக் கைவிட்டுவிடுகிறது. திருட்டுப் பொருளைக் காட்டச் செய்வதற்காக வதைத்தலும் 330ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று என்பது, சட்டம் இவ்வாபத்தை அறிந்தே இருந்தது என்பதற்குச் சான்று.

சென்னை மாகாணத்தின் குண்டூர்ப் பகுதியிலிருந்து சென்ற புலுகூரி கோட்டய்யா வழக்கில் பிரிவி கவுன்சில் 1946இல் இவ்வாயிலைக் குறுக்கியது. பொருளும், அது இருந்த இடமும், அதுபற்றி அந்நபருக்கு இருந்த அறிவுமே கண்டுபிடிக்கப்பட்ட உண்மையாகும். அப்பொருளைக் கொண்டு செய்த குற்றம் பற்றிய கூற்று சாட்சியமாகாது என்று வரையறுத்தது. விதிவிலக்கை விரித்துப் பொருள்கொண்டால் தடையே பொருளற்றதாகிவிடும் என்பது அதன் கருத்து. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவிலும் தடையும் விதிவிலக்கும் இணைந்தே தொடர்கின்றன.

வெளியாரின் பார்வை

மூன்றாம் விடை காலத்தால் பிந்தியது. அறிவிப்பின்றித் தடுப்புக்காவல் இடங்களைப் பார்வையிடும் அமைப்பு வேண்டும் என்று ஜெனீவாவைச் சேர்ந்த ழான் ழாக் கோத்தியே 1970களில் முன்வைத்த கருத்து, 1987இல் ஐரோப்பிய உடன்படிக்கையாகவும், 2002இல் ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையாகவும் வடிவம் பெற்றது. 1984ஆம் ஆண்டின் அவ்வுடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, ஏற்புறுதி அளிக்கவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதாவும் சட்டமாகவில்லை.

எனவே இந்தியாவில் இவ்விடை பெரிதும் நீதிமன்றத்தின் வழியே வந்தது. டி.கே.பாசு வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் 11 நெறிமுறைகளை வகுத்தது. சாட்சியின் கையொப்பத்துடன் கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவச் சோதனை, வழக்கறிஞரைச் சந்திக்கும் வாய்ப்பு ஆகியன அவற்றுள் அடங்கும். காவலில் உள்ளவரைப் பற்றி வெளியே யாரேனும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இவற்றின் பொதுக்கூறு. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒலிப்பதிவுடன் கூடிய கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தவும், பதிவுகளை 18 மாதங்கள் பாதுகாக்கவும் அந்நீதிமன்றம் ஆணையிட்டது.

அத்தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன், 2020 ஜூனில், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் உயிரிழந்தனர். அந்நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவரின் அறிக்கை வெளிப்படுத்தியது. சாட்சியங்களைப் பாதுகாக்க, வருவாய்த் துறையினரைக் கொண்டு அந்நிலையத்தைக் கட்டுப்பாட்டில் எடுக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழிசெய்தது. வருவாய்த் துறையின் பிடியிலிருந்து காவலைப் பிரித்த 1859ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு 161 ஆண்டுகளுக்குப் பின், காவல் நிலையத்தை அதன் அலுவலரிடமிருந்து காக்க வருவாய்த் துறையே அழைக்கப்பட்டது. இரு காலத்திலும் ஒரு துறையின் அதிகாரத்தைத் தடுக்க அத்துறைக்குப் புறத்தே உள்ள ஒருவர் தேவைப்பட்டார் என்பதே இதிலிருந்து பெறத்தக்கது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வன்முறையின் பயனை நீக்கும் விதி, பாதிக்கப்பட்டவரின் மெய்ப்பிப்பை எதிர்பார்ப்பதில்லை. ஆகவே தடுப்பு முறைகளுள் அது வலிமையானது. அதன் விதிவிலக்கு எவ்வளவு விரிகிறதோ அவ்வளவிற்கு அவ்வலிமை குன்றுகிறது. இரண்டாவது, கண்காணிக்கப்படுவோரின் பொறுப்பிலேயே உள்ள கண்காணிப்பு, தாசில்தாரைப் பற்றிய மனு தாசில்தாரிடமே சென்ற 1855ஆம் ஆண்டு நிலையினின்று வேறுபட்டதன்று. மூன்றாவது, கீழ்நிலை ஊழியரை மட்டும் நோக்கும் சீர்திருத்தம், மேலிருந்து வரும் நெருக்குதலைத் தொடாமல் விட்டுவிடுகிறது. அன்று அது குறித்த நாளில் வரி. இன்று அது விரைந்து துப்புத்துலக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு. இந்நெருக்குதலின் வரலாறு தனியே ஆராயப்படும்போதுதான் தடுப்புச் சட்டங்களின் வெற்றி தோல்விகளை முழுமையாக மதிப்பிட இயலும்.