மலைநாட்டுப் பள்ளியும் பிரம்பும்



நுவரெலியாவிலிருந்து ஹக்கலை வழியாகப் பதுளைப் பக்கம் இறங்கிச் செல்லும் பாதையில் அமைந்திருக்கிறது வெலிமடை. மரக்கறித் தோட்டங்களுக்கும் நெல்வயல்களுக்கும் பேர்போன ஊர் அது. சுற்றுப்புறத்திலே தேயிலை மலைகள். மார்கழி மாதத்துக் காலைப்பொழுதில் எதிரே வருபவர் முகம் தெரியாதபடி அங்கே பனிமூட்டம் இறங்கியிருக்கும். அந்தப் பனியினூடே நடந்து, மணியடித்து முடிந்தபின் பாடசாலை வாயிலில் வந்து நிற்கும் ஒரு சிறுவனை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். அவனை என்ன செய்வது? சிறிய கேள்விதான். ஆயினும் அதற்குக் காலந்தோறும் கூறப்பட்ட விடைகளிலே நம் மலைநாட்டுக் கல்வியின் சரித்திரம் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது.

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து தோட்டங்களுக்கு வந்த மக்கள், தம்முடன் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் நினைவையும் கொண்டுவந்தனர். மணலில் எழுத்துப் பழகுவதும், சட்டாம்பிள்ளையின் மேற்பார்வையும், உபாத்தியாயரின் பிரம்பும் அப்பள்ளிக்கு உரியவை. தண்டனைகளிற் கொடியது கோதண்டம். மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு பிள்ளை தொங்கவேண்டும். 'அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவார்' என்னும் பழமொழி பெற்றோர் நாவிலும் இருந்தது. தோட்டத்து லயன்களில் இரவு வேளையில் நடந்த பள்ளிகளும் இந்த மரபிலேயே வளர்ந்தன.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத் துரைமார் மீது சுமத்தியது. பத்து வயதுக்கு மேல் கடமை இல்லை. அந்த வயதில் பிள்ளையின் பெயர் செக்றோலில் ஏறிவிடும். பல தோட்டங்களில் ஒரே கொட்டகையில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளுக்கும் கற்பித்தார். அத்தனை பிள்ளைகளையும் அடக்கிவைக்க அவருக்கு எளிதிற் கைகொடுத்த துணை பிரம்பே.

இந்நிலத்திலே கத்தோலிக்கப் பாடசாலைகளும் எழுந்தன. 1883இல் கண்டி தனி ஆட்சிப் பிரிவாக அமைக்கப்பட்டபின், ஊவாவும் அதனுள் அடங்கியிருந்தது. 1972இல் பதுளை தனி மறைமாவட்டமாயிற்று. கண்டிப் பகுதியிற் பணிபுரிந்தவர்கள் சில்வெஸ்திரின் பெனடிக்டின் துறவியர். காலைச் செபம், ஞானோபதேசம், நண்பகல் மணிக்குத் திரிகால செபம், வரிசை, மௌனம் என்பன கத்தோலிக்கப் பாடசாலை ஒழுங்கின் அடையாளங்கள். பிரம்பும் அவற்றோடு இருந்தது.

எனினும், இத்துறவியர் பின்பற்றிய ஆறாம் நூற்றாண்டுச் சட்டநூல் இதுபற்றிச் சொல்வதை நாம் கவனிக்கவேண்டும். அறிவுரையின் பொருளை உணராத சிறுவரை நோன்பினாலோ அடியினாலோ திருத்தலாம் என்று அந்நூல் ஓரிடத்தில் அனுமதிக்கிறது. வேறோர் இடத்திலோ, அளவும் விவேகமுமின்றிச் சிறுவர்மீது சீறுகிறவன் எவனோ அவனே தண்டனைக்குரியவன் என்று விதிக்கிறது. அடிப்பவனையும் விசாரணைக்கு உட்படுத்திய விதி அது.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அர்ச். ஆசீர்வாதப்பர் கல்லூரியை நடத்திய தெலசால் சகோதரர்களின் மரபு இன்னும் ஒருபடி மேலே சென்றது. அச்சபையை நிறுவிய பிரெஞ்சுக் குரு யோவான் பப்திஸ்து தெலசால் வகுத்த பாடசாலை நடைமுறை நூல் 1720இல் அச்சேறியது. அதுவும் தண்டனையை முற்றாக நீக்கவில்லை. அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்றது. ஆசிரியர் உரக்கக் கத்தாமல், கையிலுள்ள சிறு கருவியைத் தட்டி வகுப்பை நடத்த வழி சொன்னது. வராத பிள்ளைகளின் வீட்டுக்குச் சென்று காரணம் அறிந்துவர மாணவர்களிலேயே சிலரை நியமித்தது. ஏழைப் பெற்றோர் பிள்ளையை வேலைக்கு நிறுத்திக்கொள்வதும் அந்நூல் ஆராய்ந்த காரணங்களில் ஒன்று.

இந்த அறிவுரை ஊவாத் தோட்டத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது! விடியுமுன் தப்பு ஒலிக்கும். தாயும் தந்தையும் பிரட்டுக்குப் போவர். மூத்த பிள்ளை பீலியில் நீர் பிடித்துவைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைத்துவிட்டு, அதன் பின்னரே சிலேட்டைத் தூக்கவேண்டும். கொழுந்து மிகுந்த காலத்தில் அதற்கும் வழியில்லை. அப்படிப் பிந்தி வந்தவளின் உள்ளங்கையில் விழுந்த அடி எதைத் திருத்தியிருக்கும்? தப்பொலி நேரத்தையும் மாற்றாது, தாயின் வேலையையும் குறைக்காது. நாளைக்கு அவள் வராமலே இருந்துவிடுவாள். இடாப்பில் ஒரு பெயர் குறையும். மலைநாட்டுப் பிள்ளைகள் கல்வியை இடையில் விட்டதற்கு வறுமையும் தூரமும் பெருங் காரணங்கள். அச்சுமைகளின்மேல் அச்சத்தையும் ஏற்றிவைத்தது பிரம்பு.

பின்னர் காலம் விரைந்து மாறிற்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது; தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப் பயனைப் பெறவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் அரசின் வசமாயின. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களிலே தங்கி எதிர்ப்புக் காட்டினர். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமரசம் பேசினார். பெரிய கல்லூரிகள் சில தனியாக நின்றன. சிறு ஆரம்பப் பாடசாலைகள் அரசிடம் சேர்ந்தன. தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்கத் தொடங்கியது 1977இலேதான்.

நிர்வாகங்கள் கைமாறின, பிரம்பு மட்டும் மேசைமேல் இருந்தபடியே இருந்தது. 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கல்வி அமைச்சுச் சுற்றறிக்கை உடல்தண்டனையைத் தடுத்தது. அதன் பின்னும் அடி ஓய்ந்துவிடவில்லை. ஆசிரியர் அறைந்ததாற் செவித்திறன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனுக்கு இழப்பீடு வழங்குமாறு 2021இல் நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

பழைய ஆசிரியர்களை நாம் குறைகூறவேண்டியதில்லை. குறைந்த சம்பளத்தில், குளிரில் நடுங்கும் கொட்டகையில், தாம் அடிபட்டுக் கற்றவாறே கற்பித்தவர்கள் அவர்கள். தோட்டத்திலிருந்து எழுத்தறிந்த முதல் தலைமுறை அவர்கள் கையினால் உருவானது. அந்த நன்றியை மறவாமலே ஓர் உண்மையையும் சொல்லலாம். ஒழுங்குக்குத் தலைமைதாங்கிய இரு பழைய நூல்களும் ஆசிரியருக்கு இட்ட கட்டளைகள் இரண்டு: உன் சினத்தை அடக்கு, பிள்ளையின் வீட்டை அறி.

வெலிமடைப் பனியில் பிந்தி வந்து நிற்கும் அந்தப் பிள்ளையிடம் "ஏன் பிந்தினாய்?" என்று இன்றும் கேட்கத்தான் வேண்டும். விடை வரும்வரை காத்திருந்து கேட்பதே ஒழுங்கின் முதற்பாடம். அப்பாடம் முதலில் ஆசிரியருக்கு உரியது.