கருமணலும் காப்புரிமையும்

திருவனந்தபுரத்தினின்று நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை இரு மாநிலங்களை இணைப்பதாகும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த எல்லை, விளவங்கோட்டைச் சென்னை மாநிலத்திலும் நெய்யாற்றின்கரையைக் கேரளத்திலும் சேர்த்தது. எல்லைக்கு வடபுறத்துச் சிற்றூர்களில் வாழ்ந்த தமிழர், குடிபெயராமலேயே அயல் மாநிலத் தமிழராயினர். பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நமக்கு அவர்தம் நிலை எளிதில் விளங்கும். ஆயினும் அதனினும் பழைய எல்லை ஒன்று அக்கரைக்கு உண்டு. பொருள் கிடைக்கும் இடத்துக்கும், அப்பொருளைப் பற்றிய அறிவு உரிமையாகப் பதிவாகும் இடத்துக்கும் இடையே உள்ள எல்லையே அது. அதன் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1885-இல் ஆஸ்திரிய நாட்டு வேதியியலறிஞர் கார்ல் அவுவர், வாயு விளக்கின் சுடர்மீது பொருத்தத்தக்க வலை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அருமண் உப்புக் கரைசலில் தோய்த்த நூல்வலையை எரித்தால் ஆக்சைடு எஞ்சும். அது சூடேறும்போது ஒளி விடும். முதல் வலையின் ஒளி பசுமை படர்ந்திருந்தமையால் மக்கள் அதனை விரும்பவில்லை. அவரோ ஆய்வைக் கைவிட்டாரில்லை. 1891-இல், 99 பங்கு தோரிய ஆக்சைடும் 1 பங்கு சீரிய ஆக்சைடும் சேர்ந்த கலவையால் வெண்ணொளி கண்டார். நம் ஊர்த் திருமணங்களிலும் திருவிழாக்களிலும் பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டிய ‘மேண்டில்’ இதன் வழிவந்ததே.

தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். அந்நாளில் பிரேசில் நாட்டு மணலே அதற்குப் பெரிதும் பயன்பட்டது. 1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். சில ஆண்டுகளுக்குள் மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. அவ்வூரும் நெய்யாற்றின்கரையும் அன்று ஒரே அரசின் கீழ் இருந்தவை. நம் மணல் கப்பலேறிற்று. அதனை ஒளியாக மாற்றும் முறையோ ஐரோப்பாவில் பதிவாகியிருந்தது.

இங்கு ஒன்றைத் தெளிதல் வேண்டும். இயற்கையில் உள்ள பொருளைக் கண்டெடுத்தமைக்குக் காப்புரிமை இல்லை; நமது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் அவ்வாறே விதிக்கிறது. புதிதாகப் புனைந்த பொருளுக்கும் முறைக்குமே உரிமை உண்டு. புனைந்தவர் அதன் நுட்பத்தை ஒளிக்காமல் எழுதித் தருதல் வேண்டும். அதற்குக் கைம்மாறாக, இந்தியாவில் 20 ஆண்டுக் காலம் அவரது இசைவின்றிப் பிறர் அதனைப் பயன்படுத்தலாகாது. எனவே, கடற்கரையில் மணல் குவிந்து கிடப்பது மட்டும் போதாது. அருகே ஆராய்ச்சிக்கூடமும் வேண்டும்.

விடுதலைக்குப் பின் இவ்வுண்மை உணரப்பட்டது. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றிற்று. 1952-இல் ஆலுவாயில் மோனசைட்டைப் பிரித்தெடுக்கும் ஆலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். 1975-இல், நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் அந்நெடுஞ்சாலையை ஒட்டிய பாப்பனங்கோட்டில், அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று அமைந்தது. 2007-இல் அது தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் எனப் பெயர் பெற்றது. கருமணலிலுள்ள இல்மனைட்டைச் செயற்கை ரூட்டைலாக மாற்றுதல், அறைக்குள் விழும் வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் பெறும் சாய மின்கலங்களை ஆக்குதல் ஆகியன அதன் ஆய்வுப் பணிகளுட் சில. அங்குப் பிறக்கும் புத்தாக்கங்களுக்கு அம்மன்றத்தின் பெயரால் காப்புரிமை பெறப்படுகிறது.

ஆயினும் கணக்கு இத்துடன் தீர்ந்துவிடவில்லை. மணல் அகழ்வால் கரைக்கு நேரும் கேடு பற்றியும், மோனசைட்டின் இயற்கைக் கதிர்வீச்சு பற்றியும் கடலோர மக்கள் எழுப்பும் கேள்விகள் உள்ளன. அவற்றுக்கு விடை காண்பதும் ஆராய்ச்சியின் கடமையே. எல்லையோரச் சிற்றூர்ப் பிள்ளைகள் மணல் சுமக்கும் கூலிகளாக மட்டும் இராமல், ஆய்வுக்கூடத்தில் அம்மணலை ஆராய்பவர்களாகவும் அமர்தல் வேண்டும். அன்றே அந்தப் பழைய எல்லை அழியும்.