காலியிடத்தில் எந்தச் சொல்? ஜி.ஆர்.இ. மொழித்திறன் தேர்வும் முதல் தலைமுறை மாணவர்களும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்கெனத் தொகுக்கப்பட்ட சொற்பட்டியல்கள் பலவற்றில் 'பரையா' என்றொரு சொல் இடம்பெற்றிருக்கும். 'சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்' என்று அதற்குப் பொருள் தரப்பட்டிருக்கும். பறையர் என்னும் தமிழ்ப் பெயர் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் சென்று இப்பொருளைப் பெற்றது என்ற செய்தி பட்டியலில் இராது. சேரியிலிருந்து கல்லூரிக்கு வந்த ஒரு மாணவர், தம் முன்னோரின் பெயரையே ஒதுக்கலின் பெயராக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

இச்சொல் தனித்து நிற்கவில்லை. நாகரிகமற்றவரைக் குறிக்கும் 'பூரிஷ்' என்பதன் வேர், டச்சு மொழியில் உழவரைக் குறித்த சொல். முரட்டுக் குணத்தைச் சுட்டும் 'சர்லிஷ்' என்பது பழைய ஆங்கிலத்தில் எளிய குடியானவரைக் குறித்த பெயரிலிருந்து வந்தது. 'வல்கர்' என்பதன் இலத்தீன் வேருக்குப் பொதுமக்கள் என்பதே பொருள். மாறாக 'நோபிள்', 'ஜென்டீல்' ஆகியவை உயர்குடிப் பிறப்பிலிருந்து பிறந்த புகழ்ச்சிச் சொற்கள். உழைப்பவரை இழிவாகவும் உழைக்காதவரை உயர்வாகவும் பேசும் பழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை இப்பட்டியலே காட்டிவிடுகிறது.

எனினும், இத்தேர்வைக் கண்டு விலகிச் செல்லுமாறு நாம் கூறவில்லை. ஆங்கிலச் சொல்வளம் என்பது நூலகம் உள்ள வீட்டில் பிறந்தவருக்கே வாய்க்கும் பரம்பரைச் சொத்து என்னும் எண்ணம் நம் மாணவர்களிடையே ஆழப் பதிந்திருக்கிறது. காலியிடம் நிரப்பும் வினாக்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பொய் என்பதே எமது கருத்து.

பின்னணி

ஜி.ஆர்.இ. தேர்வு 1936இல் கார்னகி அறக்கட்டளையும் நான்கு பல்கலைக்கழகங்களும் இணைந்து செய்த முயற்சியாகத் தொடங்கியது. அண்ணல் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' வெளியானதும் அதே ஆண்டில்தான். இன்று ஜி.ஆர்.இ. தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனம் 1947இல் உருவானது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வோடும் அது நெடுங்காலம் தொடர்புடையது. அந்த எஸ்.ஏ.டி.யை 1926இல் வடிவமைத்த கார்ல் பிரிகாம், அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், வட ஐரோப்பிய இனமே அறிவில் உயர்ந்தது என வாதிடும் நூலொன்றை எழுதியவர். 1930இல் அவரே அம்முடிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் தேர்வு நிலைத்துவிட்டது.

பழைய எஸ்.ஏ.டி. வினா ஒன்றை விமர்சகர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. நெடுந்தொலைவு ஓட்டக்காரருக்கு மாரத்தான் எனில் துடுப்பு வலிப்பவருக்கு எது என்பது வினா. 'ரெகாட்டா', அதாவது படகுப் பந்தயம், என்பது விடை. படகுக் குழாம்களில் வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியும். மற்றவர் எவ்வளவு கூர்மையாகச் சிந்தித்தாலும் பயனில்லை. இத்தகைய ஒப்புமை வினாக்கள் எஸ்.ஏ.டி.யிலிருந்து 2005இல் நீக்கப்பட்டன. ஜி.ஆர்.இ. 2011இல் ஒப்புமை வினாக்களையும் எதிர்ச்சொல் வினாக்களையும் கைவிட்டது. இப்போது சொல் தனியே வருவதில்லை. ஒரு வாக்கியத்துக்குள் அதற்குரிய துப்போடு வருகிறது. துப்பறியும் திறனைப் பயிற்சியால் பெற முடியும்.

வினாவின் அமைப்பு

2023 செப்டம்பர் முதல் தேர்வு சுருக்கப்பட்டுள்ளது. மொழித்திறனுக்கு 27 வினாக்கள், 41 நிமிடங்கள். முதற்பகுதியில் 12 வினாக்கள், இரண்டாம் பகுதியில் 15. முதற்பகுதியில் நாம் செய்வதைப் பொறுத்து இரண்டாம் பகுதியின் கடினம் மாறும். ஏறத்தாழப் பாதி வினாக்கள் காலியிடம் சார்ந்தவை. அவற்றில் ஒருவகை, ஒன்று முதல் மூன்று இடங்களை நிரப்புவது. மற்றொரு வகையில் ஒரே காலியிடத்துக்கு ஆறு சொற்கள் தரப்படும். வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தெரிவுசெய்ய வேண்டும். இவ்வினாக்களில் பகுதி மதிப்பெண் கிடையாது. மூன்று இடங்களுள் இரண்டு சரியாக இருந்தாலும் மதிப்பெண் இல்லை. தவறான விடைக்குக் கழிவும் இல்லை. எனவே எந்த வினாவையும் வெறுமையாக விடுவது அறிவீனம்.

தமிழ்வழியில் படித்தவர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் முரணைக் காட்டும் உறுப்பு வினையின் இறுதியில் ஒட்டும்: 'படித்தாலும்', 'வந்தபோதிலும்'. ஆங்கிலத்தில் 'ஆல்தோ' போன்ற சொல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அதற்குரிய முரண் மூன்று வரி கடந்து வரும். அதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுகிறோம். ஆகவே இணைப்புச் சொற்களைக் கண்டவுடன் தாளில் ஒரு திருப்பக் குறி போட்டுக்கொள்ள வேண்டும். 'எனிதிங் பட்' என்றால் 'சிறிதும் இல்லை'. 'நத்திங் இஃப் நாட்' என்றால் 'மிகவும்'. இவ்விரண்டையும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துப் பிழை செய்வோர் பலர்.

நாமே அமைத்த ஒரு வினாவைத் தமிழில் பார்ப்போம்: "குழுவின் அறிக்கை எளிய நடையில் அமையும் என எதிர்பார்க்கப்பட்டது, ஆனால் துறை வல்லுநர்களே பொருள் காண இயலாத அளவுக்கு அது ____ இருந்தது." தெரிவுகள்: லூசிட், டெர்ஸ், கேண்டிட், ஒபேக், எபூலியன்ட். தெரிவுகளைப் பார்க்கும் முன்பே காலியிடத்தில் நம் சொந்தச் சொல்லை இட வேண்டும். அது தமிழ்ச் சொல்லாக இருப்பதில் தவறில்லை. 'புரியாததாக' என்று இட்டால் 'ஒபேக்' கிடைத்துவிடும். 'டெர்ஸ்', அதாவது சுருக்கமானது, சிலரை ஈர்க்கும். சுருக்கமான எழுத்து புரியாமற் போகலாம் அல்லவா? போகலாம். ஆனால் அறிக்கை சுருக்கமானது என்பதற்கு வாக்கியத்தில் துப்பு இல்லை. வாக்கியம் சொல்லாததை நாம் சேர்க்கக் கூடாது. தவறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு விதியை மீறுவதால் நேர்கிறது.

இன்னொன்று: "தீண்டாமை ____ ஆகிவிட்டது எனச் சிலர் கூறுகின்றனர், உண்மையில் அது மறையவில்லை, முன்பு வெளிப்படையாக இருந்தது இன்று ____ வடிவம் எடுத்துள்ளது." முதல் இடத்துக்கு ஆப்சலீட், யுபிக்விடஸ், வெனரபிள், இரண்டாவதற்கு பிளேட்டன்ட், கோவர்ட், பெனிஃபிசென்ட். இங்கே இரண்டாம் இடத்திலிருந்து தொடங்குவது எளிது. 'முன்பு வெளிப்படையாக' என்பதன் முரண் 'மறைமுகமான', ஆகவே 'கோவர்ட்'. பிறகு 'மறையவில்லை' என்னும் மறுப்பைக் கொண்டு முன்னே சென்றால், சிலர் கூறுவது 'வழக்கொழிந்தது' என்பது, ஆகவே 'ஆப்சலீட்'. காலியிடங்களை வரிசைப்படியே நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

தெரிந்த சொற்களின் தெரியாத முகம்

அரிய சொற்களைவிட நம்மை அதிகம் வீழ்த்துபவை பழகிய சொற்களே. 'லோன் சாங்ஷன் ஆகிவிட்டது' என்று ஊரில் எவரும் சொல்வர். அதே 'சாங்ஷன்' தண்டனைத் தடையையும் குறிக்கும். 'குவாலிஃபைட்' என்பது தகுதி பெற்றவரை மட்டுமன்றி, நிபந்தனையோடு கூடிய, முழுமையற்ற பாராட்டையும் சுட்டும். நம் நாடாளுமன்றத்தில் ஒன்றை 'டேபிள்' செய்தால் அவையின் முன் வைப்பதாகும். அமெரிக்க வழக்கில் அதைக் கிடப்பில் போடுவதாகும். 'ஓவர்சைட்' மேற்பார்வையும் ஆகும், கவனக்குறைவால் நேர்ந்த விடுபாடும் ஆகும். இத்தகைய சொற்களுக்கெனத் தனிக் குறிப்பேடு வைத்துக்கொள்வது, ஆயிரம் அருஞ்சொற்களை அகரவரிசையில் உருப்போடுவதினும் பயன் தரும்.

அருஞ்சொற்களும் வேண்டும்தான். அவற்றைப் பட்டியலில் கற்பதைவிட உரைநடையில் கற்பது நிலைக்கும். இதற்கு அம்பேத்கரின் ஆங்கில நூல்களைப் பரிந்துரைக்கிறோம்; பக்தியால் அன்று, நடையின் பொருட்டே. எதிராளியின் வாதத்தை முதலில் வலுவாக எடுத்துரைத்து, பின் ஒரு திருப்பச் சொல்லால் அதைக் கவிழ்ப்பது அவருடைய முறை. தேர்வு வாக்கியங்களும் பெரும்பாலும் அவ்வாறே கட்டப்படுகின்றன. 'சாதி ஒழிப்பு' நூலில் 'எண்டாஸ்மோசிஸ்' என்னும் அறிவியற் சொல்லை அவர் சமூகத்துக்குப் பயன்படுத்துகிறார். அகராதியின்றியே, குழுக்களிடையே தடையற்ற கலப்பு என்பதைச் சுற்றியுள்ள வாக்கியங்கள் உணர்த்திவிடும். பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க அனுமதிக்கப்படாமல் பாரசீகம் படிக்க நேர்ந்தவர், 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா சென்று, பின்னாளில் எழுதிய ஆங்கிலம் அது. அவருடைய எழுத்துத் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாளொன்றுக்கு இரு பக்கம் போதும்; ஒவ்வொரு பத்தியிலும் ஒரு சொல்லை மறைத்துவிட்டு, அவ்விடத்தில் எது வரும் என ஊகித்துப் பழகலாம். இருவர் சேர்ந்து ஒருவருக்கொருவர் வினா அமைத்தால் இன்னும் நன்று.

கட்டணம் செலுத்தும் முன்

தேர்வுக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய் அளவில் வரும். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது பல வார ஊதியம். பெருந்தொற்றுக் காலம் முதல் பல துறைகள் ஜி.ஆர்.இ.யைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆகவே விண்ணப்பிக்கும் துறையின் அறிவிப்பைப் படித்துப் பார்க்காமல் பணம் கட்டிவிடக் கூடாது. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், அடுத்த துறை கேட்காது. ஒன்றிய அரசின் தேசிய அயலகக் கல்வி உதவித்தொகையை எதிர்நோக்குவோர், அத்திட்டத்துக்கு ஏற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் கூடவே ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. மதிப்பெண் ஐந்தாண்டுகள் செல்லுபடியாகும் என்பதால், இறுதியாண்டில் எழுதிவிட்டு வேலைக்குச் சென்று பணம் சேர்த்த பின் விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

பயிற்சி நிலையங்களுக்குப் பெருந்தொகை கொடுக்கும் முன், இ.டி.எஸ். இலவசமாக வழங்கும் இரண்டு 'பவர்பிரெப்' மாதிரித் தேர்வுகளை எழுதிப் பார்க்க வேண்டும். முதலாவதைத் தொடக்கத்திலேயே எழுதி, எந்த வகை வினாவில் பிழை மிகுகிறது எனக் குறித்துக்கொள்ளலாம். இரண்டாவதைத் தேர்வுக்கு இரு வாரங்கள் முன்புவரை திறக்காமல் வைத்திருப்பது நல்லது.