பெயரை எழுதிக் கொடுக்க ஒருத்தர்

ஏற்காடு மலைக்குக் கீழே, சேலத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் பிஎச்.டி. பண்றீங்கன்னு வெச்சுக்கோங்க. ஐபிஎம் 1951லேர்ந்து ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்குது. ஆனா நீங்களே விண்ணப்பிக்க முடியாது. பேராசிரியர் உங்க பெயரைப் பரிந்துரைக்கணும்.

இப்படி ஒரு பரிந்துரை 1913ல சென்னையில நடந்தது. ராமானுஜன் அப்போ துறைமுகத்துல 30 ரூபாய் சம்பளக் குமாஸ்தா. டிகிரி கிடையாது. பிப்ரவரியில, வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்திருந்தார். கேம்பிரிட்ஜ்ல கணிதம் படிச்சவர். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், குமாஸ்தாவோட கணக்குகளை அவர்கிட்ட காட்டினார். மறுநாளே வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். டிகிரி விதியைத் தளர்த்தி, மாசம் 75 ரூபாய், ரெண்டு வருஷத்துக்குக் கிடைச்சது.

வாக்கரைப் பத்தி நிறையப் பேசுறோம். எனக்கு என்னவோ ஸ்பிரிங்தான் முக்கியம்னு தோணுது. சேலத்து மாணவரும் முதல்ல பார்க்க வேண்டியது இதைத்தான்: இப்படியொரு உதவித்தொகை இருக்குன்னு தன் கைடுக்குத் தெரியுமா?