பூசைக்கு அனுமதி இல்லை

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் பூசை. கம்பர் கொடுத்த பெயர். ராமாயணத்தின் அவையடக்கத்தில், பாற்கடலைப் பார்த்த ஒரு பூனை மொத்தத்தையும் நக்கித் தீர்த்துவிட ஆசைப்பட்டதைப் போலத்தான் தானும் இந்தக் கதையைச் சொல்ல வந்ததாகச் சொல்வார். அங்கே பூனைக்கு அவர் போடும் சொல் பூசை. தொல்காப்பியத்தின் மரபியலும் வெருகைப் பூசை என்று சொன்னால் விலக்க வேண்டியதில்லை என்கிறது. பெயர் வைத்தபோது எனக்கு இதெல்லாம் பெருமையாக இருந்தது. அம்மா வந்து தங்க ஆரம்பித்த பிறகுதான் சிக்கல். "பூசை ரூமுக்குள்ள பூசை போகக்கூடாது" என்று அவர் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா இறந்த பிறகு அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் பதினோரு கணக்கு நோட்டுகள் இருந்தன. பால், மண்ணெண்ணெய், சைக்கிள் டியூப், எனக்கு ஸ்கூல் ஃபீஸ் என்று தினமும் அப்பா எழுதியவை. ராத்திரி வேலை முடிந்ததும் அவற்றை ஒரு எக்செல் ஷீட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். தேவையே இல்லாத வேலைதான். ஆனால் அந்தக் கையெழுத்தோடு ஒரு மணி நேரம் உட்கார அது ஒரு சாக்கு.

ஒரு ராத்திரி 1994ஆம் வருட நோட்டைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் இரண்டு பக்கங்களிலும் பூசை மூத்திரம் போயிருந்தது. அப்பா ஃபவுண்டன் பேனாக்காரர். நீல மை மொத்தமும் கரைந்து, பக்கத்தில் ஒரு வரைபடம் மாதிரி கறை மட்டும் இருந்தது.

"உங்கப்பாவா இருந்தா இந்நேரம் சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்திருப்பாரு" என்றார் அம்மா. சும்மா சொல்லவில்லை. எனக்கு எட்டு வயதில் அப்பா அதைச் செய்திருக்கிறார். தயிர்ச்சட்டியை உருட்டிய பூனையைச் சாக்கில் போட்டு சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார். சாக்கு அசைந்துகொண்டே தெருமுனை திரும்பியது. அந்தப் பூனை திரும்பி வரவில்லை.

அன்று ஆபீஸ் வேலை ஓடவில்லை. இது எனக்கு மட்டும்தான் நடந்ததா என்று தேட ஆரம்பித்தேன்.

*

நெதர்லாந்தில் டெவென்டர் என்று ஒரு ஊர். சுமார் 1420இல் அங்கே ஒரு துறவி நூல் ஒன்றைப் பிரதியெடுத்துக்கொண்டிருந்தார். காலையில் வந்து பார்த்தால் அவர் பக்கத்திலும் இதே கதைதான். அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. நனைந்த இடத்தை விட்டுவிட்டு, அதைச் சுட்டிக்காட்டும் விரல்களையும் ஒரு பூனையையும் வரைந்து, லத்தீனில் பூனையைத் திட்டி எழுதி வைத்தார். ராத்திரியில் பூனை வரக்கூடிய இடத்தில் புத்தகத்தைத் திறந்து வைக்காதீர்கள் என்று பின்னால் வருபவர்களுக்கு எச்சரிக்கையும் சேர்த்தார். எங்கள் துறையில் இதற்கு பக் ரிப்போர்ட் என்று பெயர். அந்தச் சுவடி இப்போது ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது.

குரோஷியாவின் துப்ரோவ்னிக் ஆவணக்காப்பகத்தில் 1445ஆம் வருட ஏடு ஒன்று உண்டு. அதில் மையில் கால் வைத்த பூனை ஒன்று பக்கம் முழுக்க நடந்து போயிருக்கிறது. எமிர் ஃபிலிபோவிச் என்ற ஆய்வாளர் எடுத்த அதன் புகைப்படம் இணையத்தில் உலகம் சுற்றியது. பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் முன்பு சிரித்திருக்கிறேன்.

மடங்களில் பூனையை விரட்டவும் முடியாது. எலி இருந்தால் தோலும் மிஞ்சாது, தாளும் மிஞ்சாது. ஆக, பூனை வேண்டும், ஆனால் இந்த மேஜைக்கு மட்டும் வரக்கூடாது. பூனையோடு மனிதன் போட்ட ஒப்பந்தத்தில் இந்த ஷரத்து மட்டும் எங்கேயும் நிறைவேறியதாகத் தெரியவில்லை.

நம் பக்கமும் அப்படித்தான். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு ஒன்றில், மாலையில் வேலியோரம் வெருகுகள் வந்ததும் வீட்டுக் கோழி பதறிக் குஞ்சுகளைக் கூப்பிடுகிறது. அதே தொகையில் மதுரைக் கண்ணனார் பாட்டில், தலைவனோடு தூங்கியவளைக் கூவி எழுப்பிய சேவலை, வீட்டில் எலி பார்க்கிற வெருகுக்குட்டிக்கு இரையாகப் போ என்று அவள் சபிக்கிறாள். ஒரு பாட்டில் வேலிக்கு வெளியே நிற்க வேண்டிய எதிரி. இன்னொன்றில் வீட்டுக்குள்ளேயே நடுராத்திரியில் எலி வேட்டை. மாமல்லபுரத்துப் பெரிய புடைப்புச் சிற்பத்தில் எலிகள் சூழத் தவம் செய்கிற பூனையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதையும் யாரும் நம்பவில்லை என்பதுதான் அங்கே நகைச்சுவை.

நம்பாததால்தான் நம் ஆட்கள் உறியைக் கண்டுபிடித்தார்கள். இன்ஜினியராக எனக்கு உறி மேல் பெரிய மரியாதை உண்டு. கூரை விட்டத்திலிருந்து தொங்கும் கயிற்று வலை, அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பானைகள். பால், தயிர், வெண்ணெய். உயரத்தில் இருப்பதால் மட்டும் அது பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். உயரம் பூனைக்குப் பெரிய விஷயமே இல்லை. எங்கள் வீட்டு பூசை நின்ற இடத்திலிருந்தே ஃபிரிட்ஜ் மேல் ஏறும். விஷயம், உறியைச் சுவரிலிருந்து தள்ளி மாட்டுவதில் இருக்கிறது. பூனை தாவும் முன் இறங்குமிடத்தை அளக்கும். அசையும் இடத்தை, கால் ஊன்ற விளிம்பு இல்லாத இடத்தை அது விரும்பாது. பூட்டும் இல்லை, கதவும் இல்லை. மனிதன் கையை நீட்டினால் கிடைத்துவிடும். (கண்ணனுக்கும் கிடைத்தது. அதற்கு உறி என்ன செய்யும்?) பிறகு கம்பிவலை அலமாரி வந்தது, அப்புறம் ஃபிரிட்ஜ் வந்தது. உறி, வருஷத்தில் ஒரு நாள் உறியடிக்கு மட்டும் என்றாகிவிட்டது.

*

தேடியதில் கிடைத்த வீட்டு வைத்தியங்களையும் செய்தேன். மேஜை மேல் ஆரஞ்சுத் தோல், அலுமினியத் தாள், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். டேப்பில் என் முழங்கைதான் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் நோட்டு இருந்த அதே இடத்தில் பூசை மறுபடியும் போனான். அம்மா சாக்கு என்ற வார்த்தையைத் திரும்பச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது. எனக்கே ஒரு கணம் அந்த யோசனை வந்துபோனது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கால்நடை மருத்துவர் முதலில் மூத்திரத்தைப் பரிசோதித்தார். சிறுநீர்ப்பையில் தொந்தரவு இருந்தாலும் ஆண் பூனைகள் கண்ட இடத்தில் போகுமாம், அடைப்பு வந்தால் உயிருக்கே ஆபத்தாம். அப்படி எதுவும் இல்லை. பிறகு, "மண் தட்டு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

முன்பு ஹாலில் இருந்தது. சாமி அலமாரிக்குப் பக்கத்தில் என்பதால் அம்மா வந்ததும் பால்கனிக்கு மாற்றினேன். பால்கனிக்கு வலைக்கதவு. கொசு வருகிறது என்று அம்மா தினமும் ஆறு மணிக்கே அதைச் சாத்திவிடுவார். ராத்திரி முழுக்க அவனுக்குப் போக இடமே இல்லை. கதவைச் சாத்தியது அம்மா, தட்டை மாற்றியது நான், திட்டு வாங்கியது பூசை.

இங்கிலாந்தில் எக்ஸிடர் என்ற ஊரில் ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. 14, 15ஆம் நூற்றாண்டுக் கணக்குகளில் அங்கே எலி பிடிக்கும் பூனைக்காக வாரம் ஒரு பென்னி எழுதியிருக்கிறார்கள். பெரிய கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் 1598வாக்கில் தச்சர்களை வைத்துப் பூனைக்கு ஒரு வட்ட ஓட்டை போட்டார்கள், இன்றும் அது இருக்கிறது. அம்மாவிடம் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கோயில் கதவுலயா?"

"ஆமாம்மா."

"கணக்குல எழுதி வெச்சிருக்காங்களா?"

"எழுதியிருக்காங்க."

அன்று ராத்திரி 1998ஆம் வருட நோட்டில் அந்தச் சாக்கு நாளைத் தேடினேன். எந்தத் தேதி என்று எனக்குத் தெரியாது, ஆனால் கண்டுபிடிக்க முடிந்தது. எங்கள் வீட்டில் கடைத் தயிர் வாங்கியதாக அந்த வருடம் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. கால் லிட்டர். பூனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது வலைக்கதவின் கீழ் மூலையில் ஒரு சதுரம் வெட்டியிருந்தது. அதன் மேல் பழைய திரைச்சீலைத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு அம்மா தைத்திருந்தார். நோட்டுகளுக்கு நான் ஆன்லைனில் பூந்தொட்டி மாட்டும் மாக்ரமே வலை ஒன்று வாங்கினேன், 450 ரூபாய். அதை ஹாலில் இருந்த தொட்டில் கொக்கியில் மாட்டி, அப்பாவின் நோட்டுகளை எவர்சில்வர் தூக்கில் போட்டு உள்ளே வைத்தேன்.

"இதுக்குப் பேரு உறிடா" என்றார் அம்மா. பிறகு சுவரிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி மாட்டச் சொன்னார்.